மீட்டருக்கு இந்தப் பக்கம்

ஃபைபர் இணைப்புக் கொடுக்க வருபவர் சுவரில் மாட்டிவிட்டுப் போகும் பெட்டியே வீட்டுக்குப் போதும் என்பது இன்று ஏறக்குறைய எல்லோரும் ஒப்புக்கொண்ட கருத்து. வேகம் வருகிறது, வைஃபை கிடைக்கிறது, கெட்டுப்போனால் அவர்களே மாற்றித் தருகிறார்கள், பிறகென்ன என்கிறார்கள். போதவில்லை என்று குறைப்படுகிறவர்களுக்கு, ஆறு ஆன்டெனா வைத்த விலையுயர்ந்த ரவுட்டர் ஒன்றைக் கடையில் வாங்கிக்கொள்ளும்படி பரிந்துரைக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள், பரணில் கிடக்கும் பழைய டெஸ்க்டாப்பைத் தூசி தட்டி ரவுட்டராக்கிவிடலாம், காசே செலவில்லை என்பார்கள். பத்து வாட்டை ஒட்டி ஓடும் சிறு கணினி ஒன்றை வீட்டு இணையத்தின் நுழைவாயிலாக வைப்பது பற்றிப் பேச்செடுத்தால் மட்டும், அது வேலையற்றவர்களின் விளையாட்டு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. வீட்டிலுள்ள மின்னணுக் கருவிகளில் வீட்டுக்காரரின் முழுக் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டிய முதல் கருவி நுழைவாயில்தான். அது செய்யும் வேலைக்கு வேண்டிய திறனோ மிகக் குறைவு. ஆகவே சிறு கணினியே அந்த இடத்துக்கு முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்பது என் வாதம்.

மின்சாரத்தில் இந்த எல்லை நமக்கு நன்றாகத் தெரியும். மீட்டர் வரை மின்வாரியத்தின் பொறுப்பு. மீட்டருக்கு இந்தப் பக்கம் இருக்கும் மெயின் சுவிட்சும் ஃபியூஸும் வயரிங்கும் வீட்டுக்காரருடையவை. எந்த அறைக்கு எத்தனை பிளக் பாயின்ட் என்று மின்வாரியம் தீர்மானிப்பதில்லை. இணையத்தில் இந்த எல்லை ஒரே பெட்டிக்குள் அழிந்துபோயிருக்கிறது. ஃபைபரில் வரும் ஒளியை மின்சமிக்ஞையாக மாற்றும் ஓ.என்.டி. நிறுவனத்தின் சொத்தாக இருப்பது நியாயம். அது மீட்டரைப் போன்றது. ஆனால் அதே பெட்டிதான் வீட்டிலுள்ள ஃபோன், டிவி, கேமரா ஒவ்வொன்றுக்கும் முகவரி தருகிறது. நாம் பார்க்கப்போகும் ஒவ்வொரு தளத்தின் பெயரையும் முதலில் கேட்டுக்கொள்கிறது. வெளியிலிருந்து எது உள்ளே வரலாம் என்று முடிவு செய்கிறது. இவற்றையெல்லாம் தொலைவிலிருந்தே நிறுவனம் மாற்றியமைக்க டி.ஆர்.-069 என்ற நெறிமுறை 2004இலிருந்து இருக்கிறது. அதன் தரவு அமைப்பில், பெட்டியோடு சேர்ந்திருக்கும் கருவிகளின் பெயரையும் முகவரியையும் பட்டியலிட ஓர் அட்டவணையே உண்டு. பழுதுபார்ப்பதற்காக உருவானது என்பதில் எனக்கு ஐயமில்லை. லட்சக்கணக்கான வீடுகளுக்கு ஆள் அனுப்பாமல் கோளாறு சரிசெய்ய அப்படி ஒன்று தேவைதான். ஆனால் பழுதுபார்க்கும் வசதி வீட்டுக்குள் எதுவரை வரலாம் என்ற கேள்விக்கு, வீட்டுக்காரரைக் கேட்காமலேயே விடை எழுதப்பட்டிருக்கிறது.

அந்த விடையின் விலை என்ன என்பதற்குச் சான்றுகள் பதிவாகியுள்ளன. 2016 நவம்பர் இறுதியில் ஜெர்மனியின் டாய்ச்ச டெலிகாம் வாடிக்கையாளர்கள் சுமார் 9 லட்சம் பேரின் இணைப்பு துண்டானது. மிராய் வகை நச்சுநிரல் ஒன்று 7547 என்ற போர்ட்டைத் தட்டித் தட்டிப் பார்த்ததுதான் காரணம். அது தொலைநிலை நிர்வாகத்துக்காகத் திறந்துவைக்கப்பட்டிருந்த அதே டி.ஆர்.-069 போர்ட். அந்தப் பெட்டிகளை நச்சுநிரல் கைப்பற்றக்கூட இல்லை. தட்டிய தட்டலிலேயே அவை செயலிழந்தன. 2023 அக்டோபரில் அமெரிக்காவில் நடந்தது இன்னும் கடுமையானது. ஒரே நிறுவனத்தின் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் 72 மணி நேரத்துக்குள் மீட்க முடியாதபடி செத்துப்போயின. ஒவ்வொன்றையும் புதிதாக மாற்ற வேண்டியிருந்தது. இவற்றைத் தனித்தனி விபத்துகளாகப் பார்ப்பது தவறு. ஒரே மாதிரி, ஒரே ஃபர்ம்வேர், ஒரே தொலைக் கட்டுப்பாடு என்று லட்சக்கணக்கில் வைத்தால், ஓர் ஓட்டை எல்லோருடைய ஓட்டையாகிவிடும். சிறு கணினி வைத்தாலும் ஓ.என்.டி. நிறுவனத்துடையதாகவே இருக்கும், அது செத்தால் இணைப்பும் போகும் என்று சுட்டிக்காட்டலாம். உண்மை. ஆனால் அப்போது போவது இணைப்பு மட்டும். வீட்டுக்குள் இருக்கும் கருவிகளின் பட்டியலும் கடவுச்சொல்லும் ஃபயர்வாலும் அதனோடு போகா.

விலையுயர்ந்த ரவுட்டர் வாங்கினால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும் என்பவர்களுக்கு 2018இன் விபிஎன்ஃபில்டர் நச்சுநிரல் நினைவிருக்க வேண்டும். குறைந்தது 54 நாடுகளில் 5 லட்சம் கருவிகளாவது அதற்கு இரையாயின. அவற்றில் பெரும்பாலானவை மக்கள் கடையில் காசு கொடுத்து வாங்கிய லிங்க்சிஸ், நெட்கியர், டிபி-லிங்க், மைக்ரோடிக் ரவுட்டர்கள். 2024 ஜனவரியில் அமெரிக்க நீதித்துறை, சீன அரசின் ஆதரவு பெற்ற ஊடுருவிகள் பயன்படுத்திய ஒரு பாட்நெட்டை, அதாவது கைப்பற்றிய கருவிகளின் வலையை, முடக்கியதாக அறிவித்தது. வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் இருந்த நூற்றுக்கணக்கான ரவுட்டர்கள் அதில் சிக்கியிருந்தன. பெரும்பாலானவை உற்பத்தியாளர்கள் கைவிட்டுவிட்ட சிஸ்கோ, நெட்கியர் மாதிரிகள். இங்கேதான், உற்பத்தியாளரின் மென்பொருளையே நம்பியிருக்கும் மூடிய பெட்டியின் அடிப்படைக் கோளாறு தெரிகிறது. அதன் வன்பொருள் பத்தாண்டு உழைக்கும். மென்பொருளுக்கு உற்பத்தியாளர் சில ஆண்டுகள்தான் திருத்தம் தருவார். அதற்குப் பிறகும் விளக்குகள் எரிந்துகொண்டே இருக்கும், வேகமும் குறையாது. காவல் போய்விட்டது என்று வீட்டுக்காரருக்குத் தெரிய எந்த அறிகுறியும் இருக்காது. ஆன்டெனாவின் எண்ணிக்கை இதை ஒரு துளியும் மாற்றாது.

சிறு கணினியில் வன்பொருளின் ஆயுளும் மென்பொருளின் ஆயுளும் ஒருவர் கையில் கட்டுண்டிருப்பதில்லை. அதுதான் அதன் முதன்மையான சிறப்பு. சிக்கனமும் அளவும் அடுத்துத்தான் வருகின்றன. இதற்கு இருபதாண்டுக்கும் மேலான வரலாறு இருக்கிறது. மானுவல் காஸ்பர் என்பவர் 2003இல் வெளியிட்ட மோனோவால், சிறு பலகைகளில் ஓடுவதற்கென்றே எழுதப்பட்ட ஃபயர்வால். அதிலிருந்து பி.எஃப்.சென்ஸ் கிளைத்தது, அதிலிருந்து 2015இல் ஓ.பி.என்.சென்ஸ். மறுபுறம், லிங்க்சிஸின் டபிள்யூ.ஆர்.டி.54ஜி ரவுட்டருக்குள் லினக்ஸ் இருப்பது தெரியவந்து, ஜி.பி.எல். உரிமத்தின்படி மூலநிரலை நிறுவனம் வெளியிட நேர்ந்தது; அதிலிருந்து 2004இல் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற ரவுட்டர் இயங்குதளம் பிறந்தது. ஸ்விட்சர்லாந்தின் பிசி எஞ்சின்ஸ் விற்ற ஏ.பி.யு.2 பலகையைப் பாருங்கள். நான்கு கரு கொண்ட 1 கிகாஹெர்ட்ஸ் ஏ.எம்.டி. செயலி, விசிறி கிடையாது, பத்து வாட்டை ஒட்டிய மின்செலவு. அந்தப் பலகைகளின் உற்பத்தியை நிறுத்துவதாக 2023இல் நிறுவனம் அறிவித்துவிட்டது. ஆனாலும் வீடுகளில் இருக்கும் பலகைகளுக்கு ஒன்றும் நேரவில்லை. இன்றைய லினக்ஸையும் இன்றைய ஓ.பி.என்.சென்ஸையும் ஏற்றி ஓட்டலாம். மூடிய ரவுட்டர் ஒன்றின் உற்பத்தியாளர் கடையைக் கட்டினால் அதன் உரிமையாளருக்கு என்ன மிஞ்சும் என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மூடிய ரவுட்டரிலேயே ஓப்பன்டபிள்யூஆர்டி ஏற்றிக்கொள்ளலாமே என்றால், செய்யலாம், நல்லதும்கூட. ஆனால் அங்கே நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். 4 எம்பி ஃபிளாஷும் 32 எம்பி நினைவகமும் கொண்ட கருவிகளுக்கு அதன் 19.07 பதிப்புக்குப் பின் அதிகாரபூர்வ வெளியீடுகள் நின்றுபோயின. அந்த அளவுகளை நிர்ணயித்தது உற்பத்திச் செலவில் சில சென்ட்டுகளை மிச்சப்படுத்தும் கணக்கு.

இவ்வளவு சிறிய கணினி வேகத்துக்குத் தாங்குமா என்பது அடுத்த ஐயம். இதை எண்களால் பார்த்துவிடலாம். 300 மெகாபிட் இணைப்பை முழுதும் நிரப்பி ஒரு கோப்பு இறங்குகிறது என்று கொள்வோம். பெரிய பேக்கெட் ஒன்று 1500 பைட், அதாவது 12,000 பிட். வகுத்தால் விநாடிக்கு 25,000 பேக்கெட் வரும். 1 கிகாஹெர்ட்ஸில் ஓடும் ஒரே ஒரு கருவுக்கு ஒவ்வொரு பேக்கெட்டுக்கும் 40,000 சுழற்சிகள் கிடைக்கின்றன. பேக்கெட்டின் தலைப்பைப் படித்து, இணைப்பு அட்டவணையில் தேடி, முகவரியை மாற்றி மறுபக்கம் தள்ளிவிட லினக்ஸ் கெர்னலுக்குச் சில ஆயிரம் சுழற்சிகள் போதும். கிகாபிட் இணைப்பானாலும் இன்றைய சிறு கணினிகளுக்கு இது பெரிய சுமை இல்லை. ஐயம் எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்ததே. 2012 முதல் 2018 வரை வந்த ராஸ்ப்பெர்ரி பை மாதிரிகளில் ஈதர்நெட், யூ.எஸ்.பி. 2.0 வழியாகத்தான் செயலியை அடைந்தது. 3பி+ பலகையில் கிகாபிட் சிப் இருந்தும் 300 மெகாபிட்டை ஒட்டியே கிடைத்தது. 2019இல் வந்த பை 4இல் அந்தத் தடை நீங்கிவிட்டது. ஆனால் பழைய பலகையின் பெயரால் எழுந்த அவநம்பிக்கை இன்னும் நீங்கவில்லை.

வேகத்தையே அளவுகோலாக்கியதில் இன்னொரு பெரிய விஷயம் கண்ணில் படாமல் போகிறது. வீட்டில் ஒருவர் படங்களை மேகத்தில் ஏற்றத் தொடங்கியதும் இன்னொருவரின் வீடியோ அழைப்பு திணறுகிறது. இணைப்பின் வேகம் போதவில்லை என்று நினைத்து அடுத்த திட்டத்துக்கு மாறுகிறார்கள், திணறல் தொடர்கிறது. பெட்டிக்குள் தேவைக்கு மேல் பெரிதாக வைக்கப்பட்ட வரிசையில் பேக்கெட்டுகள் தேங்கி நிற்பதுதான் காரணம். ஜிம் கெட்டிஸ் 2010இல் இதை அடையாளம் கண்டு பஃபர்புளோட் என்று பெயரிட்டார். கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012இல் கோடெல் என்ற தீர்வை வெளியிட்டார்கள். அதன் வளர்ச்சியான எஃப்.க்யூ. கோடெல் அதே ஆண்டு லினக்ஸ் கெர்னலில் சேர்ந்தது. கேக் என்ற இன்னும் தேர்ந்த வடிவம் 2018இல் வந்தது. தீர்வு கிடைத்து இத்தனை ஆண்டு ஆகியும் பல வீட்டுப் பெட்டிகளில் அது வேலை செய்யாததற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் இருக்கிறது. வலுக்குறைந்த செயலியை வைத்து அதிக வேகம் காட்டுவதற்காக, அந்தப் பெட்டிகள் பேக்கெட்டுகளைச் செயலிக்குக் காட்டாமலே தனிச் சுற்று வழியாகக் கடத்திவிடுகின்றன. வரிசையை ஒழுங்குபடுத்த வேண்டுமென்றால் ஒவ்வொரு பேக்கெட்டும் செயலியைத் தொட்டுச் செல்ல வேண்டும். தொட்டால் விளம்பரத்தில் சொன்ன வேகம் சரிந்துவிடும். மேலே கணக்கிட்ட 40,000 சுழற்சிகளின் அருமை இங்கேதான் தெரிகிறது. சிறு கணினியில் மிஞ்சி நிற்கும் அந்தத் திறன், வீட்டில் எல்லோருடைய அழைப்பும் ஒரே நேரத்தில் தெளிவாக இருப்பதற்குப் பயன்படுகிறது. 2020இல் லினக்ஸ் 5.6இல் சேர்ந்த வயர்கார்டு என்ற வி.பி.என்.னுக்கும் அதுவே போதும். வெளியூரில் இருந்தபடி வீட்டுக் கேமராவைப் பார்க்க, முன்பின் தெரியாத ஒரு நிறுவனத்தின் சர்வரை நம்ப வேண்டியதில்லை.

திறன்தான் வேண்டுமென்றால் பரணில் இருக்கும் டெஸ்க்டாப் இதைவிட வலுவானதாயிற்றே, அதுவும் இலவசம் என்ற வாதத்துக்கு வருவோம். சும்மா இருக்கும்போதே அது 60 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நுழைவாயில் இரவு பகல் ஓய்வின்றி ஓட வேண்டிய கருவி. ஆண்டுக்கு 525 யூனிட் ஆகிறது. தமிழ்நாட்டில் வீட்டு மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. அந்தக் கணக்கில் இது ஏறத்தாழ 87 யூனிட். அரசு இலவசமாகத் தரும் யூனிட்டுகளில் பெரும் பங்கை ஒரு பழைய பெட்டி தனியாகத் தின்றுவிடுகிறது. 500 யூனிட் எல்லையை ஒட்டி நிற்கும் குடும்பத்தை அது எல்லைக்கு அப்பால் தள்ளினால், கீழ்ப்படிகளின் விலையும் கூடுகிறது. 8 வாட் எடுக்கும் சிறு கணினிக்கு அதே இரண்டு மாதத்தில் 12 யூனிட்கூட ஆகாது. மின்வெட்டையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 12 வோல்ட்டில் ஓடும் சிறு கணினியை, ரவுட்டருக்கென்று கடைகளில் விற்கும் சிறிய யூ.பி.எஸ்.ஸில் நேரடியாகச் செருகலாம். ஓ.என்.டி.யும் சிறு கணினியும் சேர்ந்து 15 வாட் என்றால், 30 வாட்-மணி பேட்டரியில் ஒன்றரை மணி நேரம் தாராளமாக ஓடும். டெஸ்க்டாப்புக்கு இன்வெர்ட்டர் வேண்டும். அங்கும் ஒரு மின்விசிறியின் பங்கை அது எடுத்துக்கொள்ளும். இலவசம் என்ற சொல்லை நம்பி இந்தக் கணக்கைப் போடாமல் விடுவதுதான் வியப்பு.

எல்லா மறுப்புகளிலும் வலுவானது இனி வருவது. அதை லேசாகக் கடந்துபோகக் கூடாது. வீட்டில் ஒருவர் இதையெல்லாம் அமைக்கிறார். அவர் வெளியூர் போன நாளில் இணையம் நின்றுபோனால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? நிறுவனத்தின் பெட்டி என்றால் ஒரு ஃபோன் அழைப்பு போதும். இந்தக் கேள்விக்கு விடையில்லாமல் சிறு கணினி வைப்பவர் குடும்பத்துக்குத் தீங்கு செய்கிறார் என்றே சொல்வேன். விடை இருக்கிறது, அதைக் கருவி வாங்குவதற்கு முன்பே தயார் செய்ய வேண்டும். நிறுவனம் தந்த பெட்டியை அதன் பழைய அமைப்போடு அலமாரியில் வைத்திருக்கலாம். எந்தக் கேபிளை எதில் செருகுவது என்று ஒரு தாளில் எழுதி அதன்மேல் ஒட்டிவிட்டால், பள்ளிப் பிள்ளைகூட இணைப்பை மீட்டுவிடும். ஓ.என்.டி.யும் ரவுட்டரும் ஒரே பெட்டியாக இருந்தால், பிரிட்ஜ் முறைக்கு (ரவுட்டர் வேலையை விட்டுவிட்டு ஒளியை மாற்றித் தருவதை மட்டும் செய்யும் நிலைக்கு) மாற்றாமல், அதன் பின்னால் சிறு கணினியை வைக்கலாம். முகவரி மாற்றம் இருமுறை நடக்கும் குறை இருந்தாலும், அவசரத்துக்கு அதன் வைஃபை அங்கேயே இருக்கும். சிறு கணினியின் அமைப்பு முழுவதும் ஒரு சிறிய கோப்பில் அடங்கும்; அதைப் பென்டிரைவில் வைத்திருந்தால் புதுப் பலகையில் ஏற்ற அரை மணி நேரம் போதும். மூடிய ரவுட்டர் கெட்டால், அமைப்புக் கோப்பு அதே மாதிரிக்கு மட்டுமே பொருந்தும். அந்த மாதிரி அதற்குள் சந்தையை விட்டே போயிருக்கும்.

அனுபவமில்லாதவர் ஃபயர்வாலைத் தவறாக அமைத்து வீட்டைத் திறந்துபோட்டுவிடுவார் என்றும் அஞ்சுகிறார்கள். ஓப்பன்டபிள்யூஆர்டியோ ஓ.பி.என்.சென்ஸோ நிறுவிய கணத்திலேயே வெளியிலிருந்து ஏறக்குறைய எதையும் உள்ளே விடுவதில்லை. திறக்க வேண்டுமானால் ஒருவர் வேண்டுமென்றே திறக்க வேண்டும். இது ஐ.பி.வி.6 என்ற புது முகவரி முறையின் காலத்தில் இன்னும் முக்கியம். இந்தியா ஐ.பி.வி.6 பயன்பாட்டில் உலகின் முன்னணி நாடுகளில் ஒன்று. அதில் வீட்டின் ஒவ்வொரு கருவிக்கும் வெளியுலகுக்குத் தெரியக்கூடிய முகவரி கிடைக்கிறது. பழைய முகவரி மாற்றம் தற்செயலாகத் தந்த மறைப்பு அங்கே இல்லை. ஃபயர்வால் இருக்கிறதா, என்ன விதி என்று திறந்து பார்க்க முடிகிற பெட்டி ஒரு பக்கம். அமைப்புத் திரைக்கான கடவுச்சொல்லே வீட்டுக்காரரிடம் இல்லாத பெட்டி இன்னொரு பக்கம். இவற்றில் ஆபத்தானது எது?

சிறு கணினி என்று விற்கப்படுவதெல்லாம் நன்று என்று நான் வாதிடவில்லை. தேர்வில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது செயலியை அல்ல, ஈதர்நெட் போர்ட்டுகளை: இரண்டு இருக்க வேண்டும், இரண்டும் யூ.எஸ்.பி. வழியே வராமல் நேரடியாகச் செயலியோடு இணைந்திருக்க வேண்டும். இன்டெல்லின் 2.5 கிகாபிட் சிப்பான ஐ225இன் முதற்பதிப்புகளில் குறை இருந்தது. பின்வந்த ஐ226 உள்ள பெட்டியைத் தேடலாம். இன்டெல் என்100 செயலி வைத்த நான்கு போர்ட் பெட்டிகள் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன, திறனும் ஏராளம். ஆனால் பெயரில்லாத தயாரிப்பாளர்களிடமிருந்து வருபவற்றில் பயாஸ் திருத்தம் வரும் என்று எதிர்பார்க்க முடியாது. விசிறியில்லாத பெட்டி சித்திரை வெயிலில் மூடிய அலமாரிக்குள் வெந்துவிடும். காற்றுப் படும் இடம் வேண்டும். எஸ்டி கார்டில் ஓயாமல் பதிவு எழுதினால் அது சீக்கிரம் தேய்ந்துபோகும். பதிவுகளை நினைவகத்திலேயே வைக்க வேண்டும், அல்லது இ.எம்.எம்.சி. உள்ள பலகையாக வாங்க வேண்டும். வைஃபையைச் சிறு கணினியிடம் கேட்காமல், ஏற்கெனவே இருக்கும் ரவுட்டரை வெறும் அக்சஸ் பாயின்ட்டாக மாற்றி அதனிடமே விட்டுவிடுவது நல்லது. அதற்கு அந்த வேலை நன்றாக வரும். எல்லாம் ஒரே பெட்டியில் வேண்டும் என்பவர்களுக்கு, 2024 நவம்பரில் விற்பனைக்கு வந்த ஓப்பன்டபிள்யூஆர்டி ஒன் இருக்கிறது. அதில் ஃபிளாஷ் சிப் இரண்டு. ஒன்றில் எழுதியது கெட்டுப்போனாலும், ஒரு சுவிட்சை நகர்த்தி மற்றொன்றிலிருந்து உயிர்ப்பிக்கலாம். நிறுவனங்கள் தரும் பெட்டிகளில் இந்த யோசனை எப்போதோ வந்திருக்க வேண்டும்.

மிஞ்சுவது, எங்கள் வலையில் எங்கள் பெட்டிதான் இருக்கலாம், இல்லாவிட்டால் வலையின் பாதுகாப்புக்கு உத்தரவாதமில்லை என்ற நிறுவனங்களின் நிலைப்பாடு. இது புதிய வாதமில்லை. தொலைபேசிக் கம்பியில் பிறர் செய்த கருவியை இணைத்தால் வலை கெட்டுவிடும் என்று அமெரிக்காவில் ஏ.டி. அண்டு டி. பல்லாண்டு சொல்லிவந்தது, 1968இல் கார்ட்டர்ஃபோன் வழக்கில் அந்நாட்டுத் தொடர்பு ஆணையம் அதை ஏற்க மறுத்தது. வலை கெடவில்லை, ஃபேக்ஸும் மோடமும் அந்தக் கதவு வழியாகத்தான் வீடுகளுக்கு வந்தன. ஜெர்மனி 2016 ஆகஸ்ட் 1 முதல், எந்த ரவுட்டரைப் பயன்படுத்துவது என்ற முடிவைச் சட்டப்படி வாடிக்கையாளரிடம் விட்டிருக்கிறது. இணைப்புக்கு வேண்டிய பயனர்பெயர், கடவுச்சொல் முதலிய விவரங்களை, கேட்காமலே, கட்டணமின்றி, ஒப்பந்தம் போடும்போதே நிறுவனம் தந்துவிட வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். இங்கே புது இணைப்பு வாங்கும் ஒருவர் மாதக் கட்டணம் எவ்வளவு என்று விசாரிக்கும்போதே, இணைப்புக்கான பி.பி.பி.ஓ.இ. கடவுச்சொல்லைத் தருவீர்களா, ஓ.என்.டி.யைப் பிரிட்ஜ் முறையில் வைத்துத் தருவீர்களா என்ற இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும். முடியாது என்று சொல்லும் நிறுவனத்தை விட்டு, முடியும் என்று சொல்லும் நிறுவனத்திடம் போக வேண்டும்.